வள்ளல் சீதக்காதி மரைக்காயர்

ஆவுடையார்கோவிலின் கல்மண்டபங்களில் நிற்கும் குதிரைச் சிற்பங்களை நமது வாசகர்களில் பலர் கண்டிருப்பர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் இவ்வாலயத் திருப்பணியில் செலவிட்ட வரலாறும் யாவரும் அறிந்ததே. ஆனால் அந்நாளில் உயர்ந்த குதிரைகள் அரபு நாட்டிலிருந்து கடல் வழியே வந்தன என்பதையும், அவ்வியாபாரம் முழுவதும் முகமறியா வர்த்தகரின் வாக்கு நாணயத்தின் மேல் நின்றது என்பதையும் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

இவ்வூருக்குக் கிழக்கே உள்ள கடற்கரையைப் பற்றிக்கொண்டு கோட்டைப்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் எனத் தெற்கே சென்றால் கீழக்கரையை அடையலாம். அங்கே 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளங்கியவர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். நம் ஜனங்கள் அப்பெயரைத் தங்கள் நாவுக்கு இசைய மாற்றிச் சீதக்காதி என்று வழங்கினர். புதுக்கோட்டையை ரகுநாத தொண்டைமானுக்கு அளித்தவரும், 1710 வரை அரசாண்டவருமான கிழவன் சேதுபதிக்கு அவர் உற்ற நண்பர்; ராஜ்ய காரியங்களில் ஆலோசகர். இராமநாதபுரம் கோட்டை எழும்பியதில் அவருக்குப் பங்குண்டு என்பது அந்நாட்டு வழக்கு. ஒல்லாந்தர் கடலைத் தமக்கே உரிமையாக்க முயன்ற அக்காலத்தில், தமது மரக்கலங்களைத் தமது பெயராலேயே செலுத்திய தமிழ் வர்த்தகர் அவர் என்பது சிறிய விஷயமன்று.

ஆயினும் மூன்று நூற்றாண்டுகளாக அவர் பெயர் நிலைத்திருப்பது கப்பல்களால் அன்று. இஸ்லாத்தில் ஒழுக்கம் என்பது வணக்கத்துக்குப் புறம்பானதொரு அலங்காரமாக வைக்கப்படவில்லை. முகம்மது நபி அவர்கள், நபித்துவம் பெறுவதற்கு முன்னரே, மக்கா நகரத்தின் வர்த்தகராக நம்பிக்கைக்குரியவர் எனும் பெயரைப் பெற்றிருந்தார்கள். அவர்களுடைய போதனையை எதிர்த்தவர்களும் தங்கள் பொருளை அவர்களிடமே ஒப்படைத்து வைத்தனர். 622இல் உயிருக்கு அபாயம் நேர்ந்து மதீனாவுக்குப் புறப்பட்டபோது, அவ்வடைக்கலப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பிச் சேர்ப்பிக்க அலி அவர்களை மக்காவில் நிறுத்திவிட்டே சென்றார்கள். பகைவனின் பொருளுக்கும் கணக்கு உண்டு. தர்மத்தைப் பற்றியும் அம்மார்க்கத்தின் கட்டளை கண்டிப்பானது: கொடுத்ததைச் சொல்லிக் காட்டி வாங்கியவன் மனத்தை நோகச் செய்தால், பாறைமேல் படிந்த மண்ணைப் பெருமழை அடித்துச் செல்வதுபோல அக்கொடையின் பலன் அழிந்துபோகும்.

இந்த அளவுகோலை வைத்தே சீதக்காதியை நோக்க வேண்டும். நெல்லுக்குப் பொன்விலை கொடுக்க நேர்ந்த பஞ்சத்திலும் அவர் அன்னமிட்டார் என்று படிக்காசுப் புலவர் பாடினார். படிக்காசுப் புலவரோ தொண்டைமண்டல சதகம் இயற்றிய சைவர். வாசலுக்கு வந்தவனின் மதம் என்ன, குலம் என்ன என்று விசாரிக்கும் வழக்கம் அவ்வீட்டில் இருந்திருந்தால், இப்பாட்டுப் பிறந்திராது.

உமறுப் புலவரின் விஷயம் இதனினும் உயர்ந்தது. நபி அவர்களின் சரித்திரம் தமிழில் காவியமாக வேண்டும் என்று விரும்பி, எட்டயபுரத்துப் புலவராகிய அவரைத் தூண்டியவர் சீதக்காதி. மூலச் செய்திகளைக் கேட்டறியக் கீழக்கரையின் பேரறிஞர் சதகத்துல்லா அப்பாவிடம் புலவர் சென்றபோது, அவருடைய ஆடம்பர உடையைக் கண்டு அப்பெரியார் முதலில் மறுத்துவிட்டார் என்பர். பின்னர் மனமிரங்கிப் பரங்கிப்பேட்டை லெப்பை அலி ஹாஜியாரிடம் செல்ல வழிகாட்டினாராம். நூல் முற்றுப்பெறுவதற்குள் சீதக்காதி காலமாகிவிட, அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தில் இடையிடையே போற்றப்படுபவரும் அபுல் காசிமே. தொடங்கி வைத்த வள்ளலுக்கு அதில் ஒரு பாட்டும் இல்லை. இதைக் குறையெனக் கொண்டு புலவரைக் கடிந்தவரும் உண்டு. நமக்கோ, அவ்வள்ளலின் கொடைக்கு இதனைவிடப் பொருத்தமான சாட்சி அகப்படுமா என்றே தோன்றுகிறது.

அவர் இறந்தபின் வந்து அடக்கஸ்தலத்தில் நின்று அழுத புலவருக்குச் சமாதியினின்றும் கை நீண்டு மோதிரம் அளித்தது என்ற கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை இல்லை. செத்தும் கொடுத்தவர் என்ற பழமொழி அதனின்றும் எழுந்தது. வக்கீல் தொழிலில் பழகியவன் இக்கதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றத் தயங்குவான். ஆனால் 2024 வரை நடைமுறையிலிருந்த 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமே ஒருவனுடைய குணத்தை நிரூபிக்கத் தனித்தனிச் செயல்களைப் பொதுவாக ஏற்றதில்லை. ஊரறிந்த நற்பெயரையும் இயல்பான சுபாவத்தையுமே கேட்டது. மோதிரம் வந்ததோ இல்லையோ, மரணமும் இம்மனிதரின் கையை மடக்கியிராது என்று பிற மதத்தவர் உள்ளிட்ட ஒரு நாடு முழுவதும் நம்பியது. அந்நம்பிக்கையைப் பணம் கொடுத்து வாங்க இயலாது. அவர் காலத்தில் அவரைவிடப் பெருஞ்செல்வர் பலர் இருந்தனர். அவர்களில் எத்தனை பேரை இன்று பெயர் சொல்லி அழைக்கிறோம்?

கீழக்கரை ஜும்மாப் பள்ளிவாசலின் தூண்களும் போதிகைகளும் நம் கோவில் மண்டபங்களை அமைத்த அதே கல்தச்ச மரபில் செதுக்கப்பட்டவை. அப்பள்ளியின் எல்லைக்குள்தான் சீதக்காதி அடக்கமாகியிருக்கிறார்.