திக்குவாயோடு வாழக் கற்ற மன்னர்

நம் பாட்டனார் பெட்டிகளில் இன்றும் கிடைக்கும் பழைய நாணயங்களில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தைக் காணலாம். 1936 முதல் 1952 வரை பிரிட்டனின் அரியணையில் வீற்றிருந்த அவர், 1947 வரை இந்தியாவின் பேரரசராகவும் இருந்தார். பரந்த சாம்ராஜ்யத்தை ஆண்ட அம்மன்னருக்கு நான்கு வரிகளைத் தடையின்றிப் பேசுவதே பெரும் போராட்டமாக இருந்தது என்பதைப் பலர் அறியார்.

1895 டிசம்பர் 14 அன்று பிறந்த அவரது இயற்பெயர் ஆல்பர்ட். இடக்கைப் பழக்கமுள்ள சிறுவனை வலக்கையால் எழுதுமாறு கட்டாயப்படுத்தினர். வளைந்த முழங்கால்களை நேராக்கக் கட்டைகள் பூட்டினர். ஏறத்தாழ எட்டு வயதில் திக்குதல் வெளிப்பட்டது. தந்தையார் ஐந்தாம் ஜார்ஜ் கண்டிப்பு மிக்கவர். மகன் சொல்லுக்குத் திணறும்போது பொறுமையிழந்து அதட்டுவார். அதட்ட அதட்ட, நா மேலும் கட்டுண்டது.

1909இல் ஆஸ்போர்ன் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். ஒருநாள் பாதியில் பாதி எவ்வளவு என்று ஆசிரியர் வினவியபோது அவர் மௌனமாக நின்றாராம். விடை தெரியாமல் அல்ல. ‘கால்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி அவர் நாவில் எழவில்லை. அறியாதவன் என்ற பெயரே மிஞ்சியது. இறுதித் தேர்வில் 68 பேரில் 68ஆவது இடம் பெற்றார். ஆயினும் கடற்படையில் பணியாற்றி, 1916இல் ஜட்லாந்து கடற்போரில் பங்கேற்றார். துணிவில் அவருக்குக் குறைவில்லை, மேடையே அச்சமூட்டியது.

1925 அக்டோபர் 31 அன்று லண்டன் வெம்ப்ளியில் பேரரசுக் கண்காட்சியின் நிறைவுரையை அவர் ஆற்ற வேண்டியிருந்தது. திரண்டிருந்த மக்கள் முன்னிலையில் சொற்கள் தொண்டையில் சிக்கின. பேசியவருக்கும் கேட்டவர்களுக்கும் அது வேதனையாக முடிந்தது. முன்னரே பல மருத்துவர்களிடம் பயனின்றித் திரும்பியிருந்த அவர், மனைவியார் எலிசபெத்தின் ஊக்கத்தால் மீண்டும் ஒருமுறை முயன்றார்.

1926 அக்டோபர் 19 அன்று லயனல் லோக் என்பவரைச் சந்தித்தார். ஆஸ்திரேலியரான லோக் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். முதல் உலகப் போரில் பேச்சு பாதிக்கப்பட்ட வீரர்களுக்குப் பயிற்சியளித்து அனுபவம் பெற்றவர். அவர் மந்திரமோ மருந்தோ தரவில்லை. வயிற்றுத் தசையால் ஆழ்ந்து மூச்சிழுத்தல், திறந்த சாளரத்தருகே நின்று உயிரொலிகளை நீட்டி ஒலித்தல் ஆகியவற்றை நாள்தோறும் செய்யச் சொன்னார். அனைத்திற்கும் மேலாக, இக்குறையைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும் என்ற நம்பிக்கையை ஊட்டினார். 1927 முடிவதற்குள் 80க்கும் மேற்பட்ட முறை அவரிடம் பயிற்சி பெற்றார் ஆல்பர்ட். அவ்வாண்டு மே 9 அன்று கான்பெராவில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்துவைத்து நன்கு உரையாற்றினார்.

தமையனார் எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பரில் முடிதுறந்ததால், எதிர்பாராத பாரம் இவர் தோளில் விழுந்தது. 1939 செப்டம்பர் 3 அன்று போர் மூண்ட செய்தியை வானொலி வழியே மக்களுக்கு அறிவித்தார். இடர்தரும் சொற்களை மாற்றி, நிறுத்த வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்த லோக் அன்று அருகிலேயே இருந்தார். 1944 கிறிஸ்துமஸ் உரையை முதன்முறையாக லோக் அருகில் இல்லாமலே நிகழ்த்தினார். திக்குதல் அவரை முற்றிலும் விட்டு நீங்கவில்லை. ஆனால் அவரது கடமையைத் தடுக்கவும் இல்லை. 1952 பிப்ரவரி 6 அன்று அவர் மறைந்தார்.

திக்குதல் அறிவுக் குறைவன்று. மூளை பேச்சை இயக்கும் முறையிலும் மரபிலும் அதற்கு வேர் உண்டு என்பது இன்றைய மருத்துவ அறிவு. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐவருக்கு அது தோன்றுகிறது. பெரும்பாலோர் வளர வளர மீள்கின்றனர். எஞ்சியோருக்குப் பேச்சுப் பயிற்சியாளர் துணைபுரிவார்.

பெற்றோர்களே! நம் இல்லத்துப் பிள்ளை ஒரு சொல்லுக்காகத் திணறும்போது, அச்சொல்லை நாம் பறித்துச் சொல்லிவிட வேண்டாம். வேகமாகச் சொல் என அதட்டவும் வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்துப் பொறுமையோடு காத்திருப்போம். ஆல்பர்ட் என்ற சிறுவனுக்கு இளமையில் கிடைக்காமற்போனது அந்தக் காத்திருப்பே.