ஜாக் மோனோ

ஜாக் மோனோ (பெப்ரவரி 9, 1910 - மே 31, 1976) பாரிசில் பிறந்த பிரெஞ்சு உயிரியலாளர் ஆவார். குளுக்கோசும் லாக்டோசும் கலந்த கரைசலில் எசரிக்கியா கோலை பாக்டீரியா முதலில் குளுக்கோசையே பயன்படுத்தும். அது தீர்ந்ததும் வளர்ச்சி தேங்கி, சிறிது நேரங்கழித்து மீண்டும் தொடங்கும். இத்தகைய ஈரடுக்கு வளர்ச்சியை 1941 இல் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் விவரித்தார். செருமானிய ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பியக்கத்திலும் பணியாற்றினார்.

அத்தேக்கத்தின் காரணத்தைத் தேடுவதே இவரது வாழ்நாள் பணியாயிற்று எனலாம். பிரான்சுவா ஜேக்கப்புடன் 1961 இல் முன்வைத்த ஓபரான் கோட்பாட்டின்படி, லாக்டோசு இல்லாதபோது ஒடுக்கிப் புரதம் அதற்குரிய மரபணுக்களை ஒருசேர அடக்குகிறது. அவற்றுள் ஒன்று லாக்டோசை உயிரணுவுக்குள் கடத்தும் புரதத்தையும் மற்றொன்று அதைப் பிளக்கும் நொதியையும் உருவாக்குகிறது. குளுக்கோசு இக்கடத்தலையே தடுக்கிறது என்பது பின்னர் தெளிவானது; ஆகவே தேக்கத்துக்கு இக்கோட்பாடு பாதி விடையே.

1965 இல் ஜேக்கப், ஆந்த்ரே லுவோஃப் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். 1971 முதல் இறக்கும்வரை பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார்.