‘எல்லாரும்’ என்றால் யார்?

ஆகஸ்டஸ் டி மார்கன் 1806ஆம் ஆண்டில் மதுரையில் பிறந்தார். அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தை ஒரு கண்ணின் பார்வையை இழந்தது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பத்தினர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றனர்.

டி மார்கன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, 1827இல் நான்காம் இடத்தில் தேர்ச்சி பெற்றார். ஆனால், அங்கு மேற்பட்டம் பெறக் குறிப்பிட்ட சமயக் கொள்கையை ஏற்பதாகக் கையொப்பமிட வேண்டியிருந்தது. அவர் மறுத்துவிட்டார். அப்போது, சமய வேறுபாடு பாராமல் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் புதிய கல்லூரி ஒன்று லண்டனில் உருவானது. 1828இல், 21 வயதிலேயே, அவர் அதன் கணிதப் பேராசிரியரானார்.

சரியாகச் சிந்திக்கும் முறையை ஆராயும் துறை தருக்கவியல். அத்துறையில் டி மார்கன் ஒரு சிக்கலைக் கண்டார். ‘மாணவர் அல்லாதவை’ என்றால் எவை? ஆசிரியரா, மேசையா, நிலவா? எல்லை வகுக்காவிட்டால் உலகிலுள்ள மற்ற அனைத்தும் அதில் அடங்கிவிடும். எனவே, எவற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என்று 1846இல் அவர் விளக்கினார்.

கிராஞ்சியில் உள்ள ஒரு பள்ளியில், எல்லாரும் வந்துவிட்டார்களா என்று ஆசிரியர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் அந்த வகுப்பு மாணவர்களையே குறிப்பிடுகிறார். சிங்கப்பூர் மக்கள் அனைவரையும் அல்ல. வராதவர் யார் என்பதையும் அந்த வகுப்பின் பெயர்ப் பட்டியலில்தான் தேடுவோம்.

கணிதத்திலும் இப்படித்தான். ‘எக்ஸ்’ என்ற எண்ணின் இருமடங்கு 5 என்றால், அப்படி ஓர் எண் உண்டா? முழு எண்களை மட்டும் கருதினால் இல்லை. பின்னங்களையும் சேர்த்துக்கொண்டால் உண்டு, அது இரண்டரை. ‘எக்ஸ்’ எவற்றைக் குறிக்கலாம் என்னும் எல்லை மாறினால் விடையும் மாறிவிடுகிறது. ஜார்ஜ் பூல் என்ற அறிஞர் 1854இல் இக்கருத்தை மேலும் வளர்த்தார்.

கல்வியின் எல்லை விரிய வேண்டும் என்பதே டி மார்கனின் விருப்பம். பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர முடியாத அக்காலத்தில், ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணிக்குக் கடிதங்கள் வழியாக உயர்கணிதம் கற்பித்தார். டெல்லி ஆசிரியர் ராமச்சந்திரா எழுதிய கணித நூல் 1859இல் லண்டனில் வெளிவர உதவி, அதற்கு முன்னுரையும் எழுதினார்.

1866இல், தருக்கவியல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்த அறிஞர் ஒருவரை அவருடைய கல்லூரி ஏற்கவில்லை. அந்த அறிஞரின் சமயக் கருத்தே அதற்குக் காரணம் என்று டி மார்கன் கருதினார். சிலரை ஒதுக்கிவிட்டால் ‘எல்லாருக்கும்’ என்ற சொல் பொய்யாகிவிடும் அல்லவா? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாம் வகித்த பதவியை அவர் துறந்தார். 1871இல் அவர் மறைந்தார்.