பெயரை மறைத்த மாணவர்

புள்ளியியல் பயிலும் நாம் ‘ஸ்டூடண்ட் டி சோதனை’யைத் தேர்வுதோறும் எழுதுகிறோம். மாணவர்களுக்கென எளிமையாக்கப்பட்ட சோதனை அது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. உண்மையில் ‘ஸ்டூடண்ட்’ என்பது ஒரு தொழிற்சாலை அலுவலரின் புனைபெயர்.

வில்லியம் சீலி காசெட் 1876 ஜூன் 13ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள கேன்டர்பரியில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் கற்றுத் தேர்ந்து, 1899இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் பீர் ஆலையில் பணி ஏற்றார். மது ஆலையைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று சற்றே தயங்கினேன். ஆயினும் தரக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் அந்த ஆலையை விட்டுவிட்டு இவரைப் பற்றிப் பேச வழியில்லை.

பீப்பாய்தோறும் ஒரே தரம் வேண்டும் என்பது ஆலையின் நோக்கம். மூலப்பொருளான பார்லியோ வயலுக்கு வயல், பருவத்துக்குப் பருவம் மாறுவது. ஒவ்வொரு சோதனைக்கும் காலமும் பொருளும் செலவாகும். ஆகவே நான்கைந்து அளவீடுகளே கைக்குக் கிடைக்கும். அன்றைய புள்ளியியல் முறைகள் நூற்றுக்கணக்கான அளவீடுகளை எதிர்பார்த்தன. நான்கே அளவீடுகளின் சராசரியை எந்த அளவுக்கு நம்பலாம்? கணிப்புப் பிழைத்தால் நல்ல சரக்கு ஒதுக்கப்படும். மட்டமான சரக்கு உள்ளே வந்துவிடும். சோற்றுப் பதம் காண ஒரு பருக்கை போதும் என்னும் நம் வீட்டுத் துணிவு அங்கே செல்லாது.

இதற்கு விடை தேடி, 1906இல் லண்டன் சென்று கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் பயின்றார். பெரிய மாதிரிகளில் தோய்ந்த பியர்சனுக்குச் சிறு மாதிரிகள் அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. காசெட் விடவில்லை. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரலின் நீளமும் முன்பே அளந்து பதிவாகியிருந்தன. அவற்றை 3000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் அமைத்தார். ஒவ்வொன்றுக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் கண்டு, தாம் கணிதத்தால் வகுத்த வளைகோட்டோடு ஒப்பிட்டார். மாதிரி சிறிதானால் திட்ட விலக்கமே ஐயத்துக்கு உரியதாகிறது. எனவே இயல்நிலைப் பரவல் காட்டுவதைவிடப் பிழைக்கு அதிக இடம் விடவேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. கணிப்பொறி இல்லாத நாளில் ஒருவர் 750 முறை அமர்ந்து கணக்கிட்ட அந்தப் பொறுமைதான் என்னை மிகவும் கவர்கிறது.

கட்டுரை 1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளிவந்தது. தொழில் இரகசியம் கசியும் என்ற அச்சத்தால், ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட ஆலை இசையவில்லை. ஆதலால் ‘ஸ்டூடண்ட்’ ஆனார். அதற்கு முந்தைய ஆண்டே, நுண்நோக்கியில் ஈஸ்ட் செல்களை எண்ணுவதில் நேரும் பிழையைப் பற்றியும் இப்பெயரிலேயே எழுதியிருந்தார்.

அவருடைய கணித நிறுவலில் இடைவெளி இருந்தது. கேம்பிரிட்ஜில் பயின்ற ரொனால்ட் ஃபிஷர் என்னும் இளைஞர் 1912இல் முழு நிறுவலை எழுதி அனுப்பினார். பின்னர் 1925இல் வெளியான ஃபிஷரின் நூல் வழியே டி சோதனை உலகெங்கும் பரவியது. புகழ் பெரிதும் ஃபிஷரைச் சேர்ந்தது. இருவரும் நட்பாகவே இருந்தனர், பார்லி வயல் சோதனைகளை அமைக்கும் முறை பற்றிப் பிற்காலத்தில் கடுமையாக வாதிட்டபோதிலும்.

1935இல் லண்டன் பார்க் ராயலில் கின்னஸ் தொடங்கிய புதிய ஆலைக்குப் பொறுப்பேற்றார். 1937 அக்டோபர் 16ஆம் நாள், 61ஆம் வயதில் காலமானார்.