ஞானாம்பாளைப் படைத்தவர்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகர். மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியமையால் அவ்வூர்ப் பெயர் அவர் பெயரோடு இணைந்தது. பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று சமூகம் கருதிய காலத்தில், 1869இல் பெண்மதி மாலை என்னும் நூலை இயற்றிப் பெண்கல்வியை வலியுறுத்தினார்.

நூலில் வலியுறுத்திய கருத்துக்குக் கதையில் உயிர்கொடுத்தார். 1879இல் வெளிவந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் புதினமாகும். அதன் தலைவி ஞானாம்பாள் கற்றவள், மதிநுட்பம் மிக்கவள். கணவனைப் பிரிந்த நிலையில் ஆண்வேடம் பூண்டவள், அவ்வேடத்திலேயே அரியணையேறி நாட்டை நெறியோடு ஆள்கிறாள்.

ஆள்வதற்கு அவளுக்கு ஆணுடை தேவைப்பட்டது அக்காலச் சமூகத்தின் நிலையைக் காட்டுகிறது. அவள் செம்மையாக ஆண்டது ஆசிரியரின் நம்பிக்கையைக் காட்டுகிறது. 1889இல் வேதநாயகர் மறைந்தார். அவர் விரும்பிய பெண்கல்வி பின்னாளில் பரவியது. வேடமின்றியே பெண்கள் பொறுப்பேற்கும் காலமும் வந்தது.