கப்பல் விட்ட சிதம்பரனார்

ஒருவர் உள்ளத்தில் தோன்றும் உயர்ந்த எண்ணம், பலர் உள்ளத்திலும் சென்று பதிந்தாலன்றிச் செயலாக மலர்வதில்லை. அவ்வாறு பதியச் செய்யும் ஆற்றல் வாய்ந்தவரே தலைவராவர். அத்தகைய தலைவருள் ஒருவர் வ. உ. சிதம்பரனார்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாதர், தாயார் பரமாயி அம்மையார். தந்தையாரைப் போலவே வழக்கறிஞராகிய அவர், பின்னர்த் தூத்துக்குடியில் குடியேறித் தொழில் நடத்தி வந்தார்.

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பற் போக்குவரத்து ஆங்கிலக் கம்பெனியார் கையில் இருந்தது. கொற்கைத் துறையில் முத்துக் குளித்து, மரக்கலம் செலுத்தி வாணிகம் வளர்த்த நாட்டிலே, வணிகர் தம் சரக்கை ஏற்றுதற்கு அயலாரை எதிர்பார்த்து நின்றனர். இந்நிலை சிதம்பரனாரின் நெஞ்சை வருத்தியது.

1905ஆம் ஆண்டில் வங்கம் பிரிக்கப்பட்டபோது சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிற்று. அயல்நாட்டுப் பொருளை விலக்குதல் வேண்டும் எனப் பலரும் பேசினர். விலக்கினால் மட்டும் போதாது, ஆக்கவும் வேண்டும் எனக் கருதினார் சிதம்பரனார். விடுதலை என்னும் சொல்லின் பொருள் விளங்காதவர்க்கும் கப்பல் என்னும் சொல் விளங்கும் அன்றோ? ஆதலால், தம் எண்ணத்தைக் கண்ணாற் காணத்தக்க ஒரு பொருளாக்கி மக்கள் முன் வைத்தார்.

1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளை வாங்கினார். பெருஞ்செல்வர் மட்டுமல்லர், சிறு பொருள் உடையோரும் பங்கு பெற இடமிருந்தது. ஒரு பங்கு வாங்கியவரும் அக்கப்பலைத் தம் கப்பல் என்று எண்ணி மகிழலாம்.

முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல், ஆங்கிலக் கம்பெனியாரின் சூழ்ச்சியால் கைவிட்டுப் போயிற்று. சொந்தக் கப்பல் இன்றி உய்வில்லை எனக் கண்ட சிதம்பரனார், கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் என உறுதி பூண்டு வடநாடு சென்றார். அப்போது அவர் மகன் நோயுற்றிருந்தான் என்பர். பிறரைத் துன்பம் தாங்குமாறு வேண்டுபவர் தாமே முதலிற் தாங்கினார். அதனாலேயே அவர் சொல் மதிக்கப்பட்டது. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைக்கு வந்தன. மக்கள் களிகூர்ந்தனர். ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் பொருளின்றியே பயணிகளை ஏற்றவும் முன்வந்தனர்.

வணிகர்க்குக் கப்பலைக் காட்டிய தலைவர், தொழிலாளரை மறந்தாரில்லை. 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். நாட்டின் உரிமையும் ஆலையின் உரிமையும் வேறல்ல என்பதை அவர்தம் உள்ளத்தில் பதித்தனர். மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில் ஆலையார் இணங்கினர்.

சில நாளிலேயே சிதம்பரனார் சிறைப்பட்டார். உடனே தூத்துக்குடித் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை தம் கூலிக்காக அன்று. தம் தலைவருக்காகவே நிறுத்தினர். திருநெல்வேலியிலும் மக்கள் கொதித்தெழ, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிர் துறந்தனர்.

நீதிமன்றம் அவருக்கு இருபதாண்டுத் தீவாந்தரத் தண்டனைகள் இரண்டு விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். தலைவர் இல்லாத கம்பெனி தளர்ந்து, 1911இல் கலைந்தது. 1912ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலை பெற்று வெளிவந்த சிதம்பரனாரை வறுமையே எதிர்கொண்டது. வறுமையிலும் அவர் தமிழை மறவாது, மெய்யறம் முதலிய நூல்களை வெளியிட்டார். 1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! கப்பல்கள் கைமாறின, கம்பெனியும் மறைந்தது. எனின், அவர் முயற்சி வீணாயிற்றோ? இல்லை. நம்மாலும் கப்பல் விட முடியும் என்பதை ஒருமுறை கண்ட மக்கள் அதனை மறக்கவில்லை. 2011ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. உயர்ந்த எண்ணத்தை எளியோர்க்கும் விளங்கச் சொல்லுதல், அவர்களுக்கும் அதிற் பங்களித்தல், துன்பம் வரின் தாமே முன்னிற்றல் ஆகிய மூன்றும் தலைவர்க்குரிய பண்புகள் என்பதைச் சிதம்பரனாரின் வாழ்வால் உணர்வோமாக.