மற்போர் மங்கை ஹமீதா பானு

மற்போரையும் மகளிரையும் ஒருங்கே நினைக்குங்கால் தமிழ் கற்றோர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுபவர் நக்கண்ணையார் ஆவார். பெருங்கோழி நாய்கன் மகளாகிய அவர், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின்பால் காதல் கொண்டு பாடிய பாடல்கள் மூன்று புறநானூற்றில் உள்ளன. ஆமூர் மல்லனோடு பொருது வென்றவன் அக்கிள்ளி. ஊரார் ஒருவர்க்கொருவர் மாறாக ஆரவாரிக்க, நக்கண்ணையாரோ பனைமரம் ஒன்றைச் சார்ந்து நின்று அவன் வெற்றியைக் கண்டார் என்று அறிகின்றோம். முல்லைக்கலியிலும் நிலை இதுவே: ஏறு தழுவுவோர் ஆடவர், பரணில் நின்று காண்போர் மகளிர், வென்றவன் மகட்கொடை பெறுவான்.

பரண்மீது நின்று காண வேண்டியவள் இறங்கி வந்து, ஏற்றின் இடத்தில் தானே நின்றால் எவ்வாறிருக்கும்? தன்னை மற்போரில் வெல்லும் ஆடவன் எவனோ அவனையே மணப்பதாக 1954 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்நாட்டு மல்லர் அனைவர்க்கும் அறைகூவல் விடுத்தார் ஒரு பெண்மணி. அவரே அலிகார் ஹமீதா பானு அம்மையார். அவர்தம் வரலாற்றையே இவ்வாண்டு மலரில் நாம் எழுதப் புகுந்தோம்.

பிழைப்பின் பொருட்டு ஏர்பேட்டில் குடியேறிய நமக்கு மல்லர் கதைகள் புதியன அல்ல. தெலுங்கு நண்பர்கள் திண்ணையில் அமர்ந்தால், மார்பின்மேல் யானையை ஏற்றி நிறுத்திய கோடி ராமமூர்த்தி நாயுடுவைப் பற்றிப் பேசாமல் எழுந்திரார். நம் வீட்டுப் பெரியவர்களோ கிங்காங், தாராசிங் என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் இளைஞராகிவிடுவர். இவ்விரு கதைகளிலும் ஹமீதா பானுவுக்கு இடம் இல்லை. 2024 மே 4 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் உருவத்தை ஓவியமாகத் தீட்டி வெளியிட்டபோதுதான் நம்மில் பலர் அப்பெயரைக் கேள்வியுற்றோம்.

அதே 2024 ஆம் ஆண்டில், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்ற சாட்சி மாலிக் தம் வாழ்க்கையைத் தாமே கூறும் நூலொன்றை வெளியிட்டார். அப்பேறு ஹமீதா பானுவுக்கு வாய்க்கவில்லை. அம்மையார் தன்வரலாறு எதனையும் எழுதி வைத்தாரல்லர். அவரைப்பற்றி நமக்குக் கிடைப்பன அக்காலச் செய்தித்தாள் துணுக்குகளும், விளம்பரங்களும், நெடுநாள் கழித்து உற்றார் நினைவுகூர்ந்து கூறியவையுமே. விளம்பரம் மிகைப்படுத்தும், நினைவு மாறுபடும். ஆதலின் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தே கொள்ளவேண்டியுள்ளது.

கம்பள நெசவுக்குப் பேர்பெற்ற மீர்ஜாப்பூர் அவரது ஊர். பெண்ணொருத்தி குஸ்தி பழகுவதைக் கண்ட அவ்வூர்ப் பயில்வான்கள் எள்ளி நகையாடினர். வடநாட்டில் குஸ்திக் கூடம் என்பது வெறும் பயிற்சிக்களம் அன்று. அனுமனை வணங்கிப் பிரமசரிய விரதம் காக்கும் ஆடவர் கூடும் இடமாகவும் அது விளங்கியது. பல கூடங்களில் அம்மண்ணைப் பெண்கள் மிதிக்கவும் கூடாது. இந்நிலையில் ஹமீதா பானு ஊரை விட்டு அலிகார் சேர்ந்தார். நமக்குத் திண்டுக்கல் எவ்வாறோ, வடநாட்டார்க்கு அலிகார் அவ்வாறு. பூட்டுக்குப் புகழ்பெற்ற ஊர். அங்கே சலாம் பயில்வான் என்பவர் அவரை மாணவியாக ஏற்றுக்கொண்டார். இச்சலாம் பயில்வானை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். அம்மையாரின் ஏற்றத்திலும் வீழ்ச்சியிலும் அவர் பங்கு பெரிது.

அம்மையார் உயரம் 5 அடி 3 அங்குலம். எடை 108 கிலோ, பழைய கணக்கில் 238 இராத்தல். நாள்தோறும் ஆறு மணி நேரம் பயிற்சி, ஒன்பது மணி நேரம் உறக்கம். உணவைப்பற்றிச் செய்தித்தாள்கள் தனிப் பட்டியலே வெளியிட்டன. பால் 5.6 லிட்டர், சூப்பு 2.8 லிட்டர், பழச்சாறு 1.8 லிட்டர், கோழி ஒன்று, ஆட்டிறைச்சி ஏறத்தாழ ஒரு கிலோ, வெண்ணெய் அரைக் கிலோ, முட்டை ஆறு, பெரிய ரொட்டி இரண்டு, பிரியாணி இரண்டு தட்டு, இவற்றோடு பாதாம் பருப்பு. இஃது ஒரு நாளைக்கு! விருந்து முடிந்து வெற்றிலை மெல்லும் நேரத்தில் இப்பட்டியலைப் படிப்போர்க்கும் மலைப்பு உண்டாகும். இதில் விளம்பரக்காரர் கைச்சரக்கு எத்துணை என்று நாம் அளந்து கூறுவதற்கில்லை. ஆயினும் தண்டாலும் பஸ்கியும் நூற்றுக்கணக்கில் எடுக்கும் உடல் பெருந்தீனி கேட்கும் என்பதைப் பயில்வான்களை அறிந்தோர் மறுக்கமாட்டார்.

1944 ஆம் ஆண்டிலேயே அவர் பெயர் பெருங்கூட்டத்தை ஈர்க்கும் ஆற்றல் பெற்றிருந்தது. அவ்வாண்டு பம்பாயில் கூங்கா பயில்வானோடு அவர் பொருவதாக இருந்த நாளில் இருபதினாயிரம் பேர் அரங்கில் திரண்டனர். கூங்காவோ கூடுதல் பணமும் ஆயத்தம் செய்துகொள்ளக் கூடுதல் காலமும் கேட்டார், போட்டி நின்றது. ஏமாந்த கூட்டம் அரங்கை உடைத்து நொறுக்கிற்று.

பத்தாண்டு கழித்து வந்ததே நாம் தொடக்கத்திற் கூறிய திருமண அறைகூவல். அப்போது அம்மையாருக்கு வயது முப்பதுக்கு மேல். முந்நூற்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் வென்றதாக அவர் கூறிவந்த காலம் அது. பாட்டியாலாவிலிருந்து வந்த மல்லர் ஒருவரும், கல்கத்தா மல்லர் ஒருவரும் முன்வந்தனர், இருவரும் தோற்றனர். மூன்றாம் போட்டிக்காக மே மாதம் அவர் பரோடா சென்றார். வண்டிகள்தோறும் விளம்பரத் தட்டிகள் கட்டி ஊரெங்கும் ஓட்டினர். எதிர்நிற்க வேண்டியவர் சோட்டே காமா. பரோடா மகாராஜாவின் ஆதரவு பெற்றவர். அவர் கடைசி நேரத்தில், பெண்ணோடு பொருவதில்லை என்று கூறி விலகினார். அவ்விடத்திற்கு வந்தவர் பாபா பயில்வான். ஆட்டம் நீடித்தது 1 நிமிடம் 34 விநாடி. தாம்பூலம் தரிக்கவும் போதாத அந்நேரத்துள் பாபா பயில்வான் வீழ்த்தப்பட்டார். அவ்வாறே அம்மையாரை மணக்கும் தகுதியையும் அவர் இழந்தார் என்று நடுவர் அறிவித்தார்.

இச்செய்தி கடல் கடந்து வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. அலிகாரின் அமேசான் என்னும் பட்டப்பெயர் பரவிற்று. பண்டைக் கிரேக்கர் கதைகளில் வரும் வீரப்பெண்டிர் கூட்டத்திற்கு அமேசான் என்பது பெயர். நமக்கோ, படையெடுத்துச் சென்று திசையெலாம் வென்ற மதுரைத் தடாதகைப் பிராட்டியார் நினைவுக்கு வருவார்.

புகழ் வளர்ந்த இடத்தில் பகையும் வளர்ந்தது. சாகு மகாராஜா கட்டிய காஸ்பாக் மைதானத்தால் குஸ்திக்கே தலைநகர் போல் விளங்கும் கோலாப்பூரில், சோபா சிங் பஞ்சாபி என்பவரை அம்மையார் வென்றபோது கூட்டத்தினர் கூச்சலிட்டுக் கல்லெறிந்தனர். போலீசார் தலையிட்டே அமைதி காக்க நேர்ந்தது. புனாவில் ராமச்சந்திர சாலுங்கே என்பாரோடு நடக்கவிருந்த போட்டி, மல்லர் சங்கத்தாரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. தடைகளால் மனம் நொந்த அம்மையார், அந்நாளில் பம்பாய் இராஜ்யத்தின் முதலமைச்சராயிருந்த மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடை விதிக்கப்படவில்லை என்றும், போட்டி நடத்துவோர் போலி மல்லர்களை எதிர்நிறுத்துவதாகப் புகார்கள் வந்தமையே காரணம் என்றும் விடை வந்தது.

இப்புகாரை அடிப்படையே இல்லாதது என்று ஒதுக்க நாம் முனையவில்லை. காசு கொடுத்துக் காணும் குஸ்தி எந்நாட்டிலும் பாதி விளையாட்டு, பாதி நாடகம். ஆண் மல்லர்களின் ஆட்டங்களிலும் இவ்வையம் எழுந்ததுண்டு. திருமண அறைகூவலே ஒரு சிறந்த விளம்பரம் என்பது நம் கருத்து. ஆனால் ஒன்றை நோக்குக. சோட்டே காமா பெண்ணோடு பொருவது இழுக்கு என்று கூறி விலகினார்; கோலாப்பூர்க் கூட்டத்தாரோ ஆணைப் பெண் வெல்வது பொய் என்று கல்லெறிந்தனர். பொருதாலும் குற்றம், வென்றாலும் குற்றம் என்று இருபுறமும் வழி அடைக்கப்பட்டால் அவ்வம்மையார் எங்ஙனம் தம் திறனை மெய்ப்பித்துக் காட்டுவார்? ஒலிம்பிக்கில் மகளிர் மற்போர் இடம்பெற்றது 2004 ஆம் ஆண்டில். அதற்கு அரை நூற்றாண்டு முன்னர் இவர் களத்தில் நின்றவர். ஒத்த வலியுடைய பெண்ணொருத்தியை நம் நாட்டில் தேடிக் காண்பதே அரிதாயிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருத்தி கிடைத்தாள். உருசியப் பெண்கரடி என்று விளம்பரம் பெற்ற வேரா சிஸ்டிலினை 1954 ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு நிமிடத்திற்குள் அம்மையார் வீழ்த்தினார். அதன்பின் ஐரோப்பா சென்று அங்குள்ள மல்லர்களோடு பொருவதாக அறிவித்தார். அவ்வறிவிப்போடு ஹமீதா பானுவின் பெயர் மற்போர்ச் செய்திகளினின்றும் மறைந்துபோயிற்று.

என்ன நேர்ந்தது? பல்லாண்டுகள் கழித்து உறவினரும் அண்டை வீட்டாரும் செய்தியாளரிடம் கூறியதிலிருந்தே இதற்கு விடை காண்கிறோம். ஐரோப்பியப் பயணத்தைச் சலாம் பயில்வான் விரும்பவில்லை. அதைத் தடுப்பதற்காக அவர் அம்மையாரை அடித்துக் கைகளை முறித்தார் என்று பேரன் கூறுகின்றார். கால்களும் முறிந்தன என்றும், எழுந்து நிற்க இயலாது கிடந்து, தேறிய பின்னரும் நெடுங்காலம் தடியூன்றியே நடந்தார் என்றும் அண்டை வீட்டார் ஒருவர் கூறுகின்றார். சலாம் அம்மையாரை மணந்தவர் என்பது அவர் மகளின் கூற்று. அம்மையார் இறக்கும்வரை உடனிருந்த பேரனோ இல்லை என்கிறார். உறவு எதுவாயினும் ஆகுக. களத்தில் ஆடவர் எவரும் செய்ய இயலாததை, களத்துக்கு வெளியே, பிடிகளைக் கற்பித்த கைகளே செய்தன என்பது இவர்கள் கூற்றால் விளங்குகிறது. வென்றவர்க்கு மாலையிடுவதாகக் கூறிய ஒருவரை வெல்லாமலே முடக்கிய கொடுமை இது. கல்லெறிந்தோரையும் தடை விதித்தோரையும் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. இதனைப்பற்றி அந்நாளில் எழுதுவார் இலர்.

சலாம் பின்னர் அலிகாருக்கே திரும்பினார். அம்மையார் பம்பாய்க்கு அருகில் உள்ள கல்யாணில் தங்கிவிட்டார். நம்மவர் மும்பை செல்லுங்கால் ரேணிகுண்டாவில் வண்டியேறி, குண்டக்கல், இராய்ச்சூர், புனா கடந்து, மும்பையை நெருங்கும்போது காணும் பெரிய சந்திப்பு நிலையம் அதுவே. புனாவில் அவரைக் களமிறங்க விடவில்லை. அதே இருப்புப்பாதையின் மறுகோடியில் அவர் பின்னாட்களைக் கழித்தார். வளர்ப்பு மகன் ஒருவனும், அவன் வழிப் பேரனும் துணை. மாடு கறந்து பால் விற்றார். சிறு கட்டடங்களை வாடகைக்கு விட்டார். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு ஐந்தரை லிட்டருக்கு மேல் பால் அருந்தியதாக ஏடுகள் எழுதிய அம்மையார், அந்நாளில் பாலை அளந்து பிறர்க்கு ஊற்றினார். கையிருப்புக் கரைந்தபோது, வீட்டில் செய்த தின்பண்டங்களைச் சாலையோரத்தில் வைத்து விற்றார். வாங்கித் தின்றோருள் எத்தனை பேர் அவரை அடையாளம் கண்டனரோ! 1986 ஆம் ஆண்டு ஹமீதா பானு அம்மையார் காலமானார்.